முகம் திரும்பிய பென்னி

கிரீடம் வைத்த ஒரு முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. சுற்றிலும் எட்வர்ட் என்ற பெயரின் சுருக்கம், இங்கிலாந்தின் அரசன், அயர்லாந்தின் தலைவன் என்று லத்தீனில். திருப்பினால் விளிம்பு வரைக்கும் ஓடும் நீளச் சிலுவை, அதன் ஒவ்வொரு கோணத்திலும் மூன்று மூன்று புள்ளிகள், சுற்றி ‘வில்லா பெரெவிகி’ என்று ஊர்ப் பெயர். அகலம் 2011-க்குப் பிறகு வந்த நம் ஐம்பது காசு அளவுதான், எடையில் அதில் பாதிகூட வராது. வெள்ளி. எழுநூறு வருஷத்துக்கு முந்தையது. பெர்விக் பென்னி என்று சொல்வார்கள்.

அண்ணன் மகன் நியூகாசிலில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கையில் கொடுத்தான். “சித்தப்பா, நீங்க லண்டன் காசு கேட்டீங்க, ஆனா கடைக்காரர் லண்டன் காசு எல்லார்கிட்டயும் இருக்கும், இது எல்லையில அடிச்சது, கொஞ்சம்தான் கிடைக்கும்னு சொன்னார், அதான் இதை வாங்கிட்டேன்” என்றான். நல்ல காரியம் செய்தான். அன்றையிலிருந்து இந்தக் காசைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். நான் புதுச்சேரிக்காரன், அதனால் ஒரு ஊர் கை மாறிக்கொண்டே இருந்தது என்று எங்கே படித்தாலும் காது நிமிர்ந்துவிடும். எங்கள் ஊரை 1693-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1699-இல் திரும்பிக் கொடுத்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், 1765-இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்ப வந்தார்கள், அப்புறம் 1778, 1785, 1793, கடைசியாக 1816. பள்ளிக்கூடத்தில் இந்த வருஷங்களை மனப்பாடம் செய்தவர்களுக்குத் தெரியும், எந்த வருஷத்தில் யார் கொடி பறந்தது என்று சொல்லவே தனி நினைவாற்றல் வேண்டும்.

பெர்விக் நம்மையும் தாண்டியது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே ட்வீட் என்ற ஆறு கடலில் கலக்கும் இடத்தில், வடகரையில் இருக்கிறது. 1482-க்குள் 13 முறை கை மாறியது என்று வழக்கமாகச் சொல்வார்கள். இப்போது இங்கிலாந்தின் வடகோடி ஊர். ஆனால் பதிமூன்றாம் நூற்றாண்டில் அது ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய துறைமுகம், அந்த நாட்டின் ஆட்டு ரோமமும் தோலும் பெரும்பகுதி அங்கிருந்துதான் கப்பலேறி ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம்) பக்கம் போயின. ஃபிளாண்டர்ஸ் வியாபாரிகளுக்கு ஊருக்குள்ளேயே சிவப்பு மண்டபம் என்று ஒரு பெரிய கட்டடம் இருந்தது. ரோமம் வெளியே போக வெள்ளி உள்ளே வந்தது. அப்படி வெள்ளி வந்து இறங்கும் ஊரில் தங்கசாலை இல்லாமல் இருக்குமா? (சென்னையில் தங்கசாலைத் தெரு என்று இன்றும் சொல்கிறோமே, அதே தங்கசாலைதான், நாணயம் அடிக்கும் இடம்.)

ஸ்காட்லாந்துக்கென்று சொந்தக் காசு வந்த கதையே எல்லைச் சண்டையில்தான் ஆரம்பிக்கிறது. 1136-இல் முதலாம் டேவிட் என்ற ஸ்காட்லாந்து அரசன் எல்லைக்குத் தெற்கே இருந்த கார்லைல் நகரைப் பிடித்தான். அங்கே ஏற்கெனவே ஆங்கிலேயத் தங்கசாலை இருந்தது, பக்கத்து மலையில் வெள்ளிச் சுரங்கமும் இருந்தது. அச்சு, ஆள், வெள்ளி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன, டேவிட் தன் பெயரில் பென்னி அடித்தான். ஸ்காட்லாந்து அரசன் ஒருவன் பெயரில் வந்த முதல் காசுகள் அவைதான். பெர்விக்கிலும் ராக்ஸ்பரோவிலும் அவன் காலத்திலேயே காசு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் அவன் பேரன் வில்லியம் 1174-இல் போரில் பிடிபட்டு, விடுதலைக்கு விலையாகப் பெர்விக் கோட்டையை இங்கிலாந்துக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1189-இல் சிலுவைப் போருக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த முதலாம் ரிச்சர்ட், கோட்டைகளையும் ஸ்காட்லாந்தின் மேலிருந்த உரிமையையும் சேர்த்து 10,000 மார்க்குக்கு விட்டுக்கொடுத்தான். ஒரு மார்க் என்றால் 160 பென்னி. அதாவது 16 லட்சம் வெள்ளிப் பென்னிகள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் சுத்தியலால் தனித்தனியாக அடித்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எப்படி அடிப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் காசின் அழகும் கோணலும் அங்கிருந்துதான் வருகின்றன. வெள்ளியை உருக்கி வார்த்துத் தட்டி மெல்லிசாக்கி வட்ட வில்லைகளாக வெட்டுவார்கள். கீழ் அச்சு ஒரு மரக்கட்டையில் பதித்து அசையாமல் நிற்கும், அதில் அரசன் முகம். அதன்மேல் வில்லை. வில்லையின்மேல் கையில் பிடித்த மேல் அச்சு, அதில் சிலுவை. ஓங்கி ஓர் அடி. அடி நேராக மேல் அச்சின் தலையில் விழுவதால் அது சீக்கிரம் தேய்ந்து உடைந்துபோகும், ஒரு முக அச்சு உழைக்கும் காலத்தில் இரண்டோ மூன்றோ சிலுவை அச்சுகள் தீர்ந்துவிடும். அதனால்தான் ஒரே முகத்துக்கு வேறு வேறு பூப் பக்கம் உள்ள காசுகள் கிடைக்கின்றன, அவற்றை வரிசைப்படுத்தித்தான் எது முன்னால் எது பின்னால் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் சண்டே மார்க்கெட்டில் பழைய காசு வாங்குகிறவர்களில் பலர் தலைப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விலை பேசுவார்கள். இந்தக் காசுகளில் பாதி வரலாறு பூப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, முகத்துக்கு வருகிறேன். 1250 வாக்கில் ஸ்காட்லாந்தின் மூன்றாம் அலெக்சாந்தர் இங்கிலாந்தைப் பார்த்து நீளச் சிலுவைக் காசு அடிக்க ஆரம்பித்தான். பெர்விக்கில் அடித்த காசுகளில் அடித்தவர் பெயரும் ஊரின் முதல் எழுத்துகளும் இருக்கும்: வால்டர், ராபர்ட், வில்லியம், ஜான். தவறு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று காசே சொல்லிவிடும், அதற்குத்தான் பெயர். 1279-இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் தன் நாணயத்தைப் புதிதாக்கினான், அடித்தவர் பெயரை எடுத்துவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் வைத்தான். அடுத்த ஆண்டே அலெக்சாந்தரும் அதே எடையில், அதே தரத்தில் தன் காசைப் புதிதாக்கினான். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.44 கிராம். இரண்டு நாட்டுக் காசும் தராசில் ஒன்று.

பார்வையில் மட்டும் வேறு. இங்கிலாந்தின் அரசன் நேராகப் பார்ப்பான். ஸ்காட்லாந்தின் அரசன் பக்கவாட்டில் திரும்பியிருப்பான், முன்னால் செங்கோல். இங்கிலாந்துக் காசின் சிலுவைக் கோணங்களில் மும்மூன்று புள்ளி, ஸ்காட்லாந்துக் காசில் அதே இடத்தில் நட்சத்திரம். எழுதப் படிக்கத் தெரியாத மீன்காரிகூட ஒரு பார்வையில் இது எந்த ராஜாவின் காசு என்று சொல்லிவிட முடியும்.

இப்போது 1296. அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1292 நவம்பரில், பெர்விக் கோட்டையில் உட்கார்ந்துகொண்டுதான் எட்வர்ட், ஸ்காட்லாந்தின் அரியணை ஜான் பேலியலுக்கு என்று தீர்ப்பு சொன்னான். அதே பேலியல் அவனை எதிர்த்தபோது, 1296 மார்ச் 30-ஆம் தேதி எட்வர்ட் பெர்விக்கைத் தாக்கினான். ஊர் கொள்ளை போனது, ஊர் மக்கள் பெருந்திரளாகக் கொல்லப்பட்டார்கள். சிவப்பு மண்டபத்தில் கடைசி வரை நின்ற ஃபிளாண்டர்ஸ் வியாபாரிகள் உள்ளேயே எரிந்துபோனார்கள். அப்புறம் எட்வர்ட் லண்டனிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் நகரம் அமைக்கத் தெரிந்தவர்களை வரவழைத்து ஊரைத் திரும்பக் கட்ட ஏற்பாடு செய்தான், இங்கிலாந்துக் குடிகளைக் கொண்டுவந்து குடியேற்றினான். 1761-க்குப் பிறகு இடிபாடாகக் கிடந்த எங்கள் ஊரைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த இடம் சும்மா கடந்துபோகாது. பேலியல் காலம் வரை பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்த அரசன், அந்தத் தங்கசாலையில் இப்போது நேராகத் திரும்பிவிட்டான். நட்சத்திரம் போய்ப் புள்ளி வந்துவிட்டது.

என் கையில் இருக்கும் காசு அந்தத் திரும்பலுக்குப் பிறகு வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது எழுத்துகள்தான். இங்கிலாந்தின் மற்ற ஊர்த் தங்கசாலைகளுக்கு அச்சு பெரும்பாலும் லண்டனில் வெட்டி அனுப்பப்படும், அதனால் கேன்டர்பரி காசும் லண்டன் காசும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பெர்விக் அச்சுகளில் பல அங்கேயே உள்ளூரில் வெட்டப்பட்டவை. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், முகம் கொஞ்சம் சப்பையாக இருக்கும், கிரீடத்தின் பூக்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாது. லண்டன் காசைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய ஓர் உள்ளூர்க் கை தெரிகிறது. அந்தக் கை ஸ்காட்லாந்துக்காரருடையதா, வந்து குடியேறியவருடையதா என்று காசு சொல்லாது. ஆனால் யாரோ ஒருவர் புது அரசனின் முகத்தை, அதுவும் தன் ஊரை எரித்தவனாகவே இருக்கலாம், முடிந்த அளவு பிழையில்லாமல் இரும்பில் வெட்ட உட்கார்ந்திருக்கிறார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன், எட்வர்டை அல்ல.

தங்கசாலை எதற்கு அங்கே தேவைப்பட்டது என்பதற்கு நான் நினைக்கும் காரணங்கள் இரண்டு. ஒன்று, கோட்டையில் இருந்த படைக்குச் சம்பளம். அந்தக் காலத்தில் ஒரு வில்வீரனுக்கு ஒரு நாளைக்கு 2 பென்னி. நூறு பேர் என்றால் ஒரு நாளைக்கு 200 காசு, தூரத்து லண்டனிலிருந்து மூட்டை கட்டி வரவேண்டும், வழியில் கொள்ளை பயம். இரண்டு, ஆட்டு ரோம வியாபாரத்தில் உள்ளே வந்த வெளிநாட்டு வெள்ளி. அப்போது ஃபிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து எட்வர்டின் காசைப் பார்த்து அடித்த போலிப் பென்னிகள் வந்து குவிந்தன. பார்க்க ஒன்றுபோல இருக்கும், வெள்ளி குறைவு. 1299 கிறிஸ்துமஸிலிருந்து அவை அரைப் பென்னிக்குத்தான் செல்லும் என்று அறிவித்தார்கள், 1300 ஈஸ்டரோடு செல்லவே செல்லாது என்றார்கள். ஒரே நாளில் கையிலிருக்கும் பணம் பாதியாவது என்றால் என்ன என்று நமக்குப் புரியாமல் இல்லை. அந்தப் போலிகளை உருக்கித் திரும்ப அடிப்பதற்கென்றே இங்கிலாந்தில் பல ஊர்களில் தற்காலிகத் தங்கசாலைகள் திறந்தார்கள்.

1318 ஏப்ரலில் ராபர்ட் புரூஸ் பெர்விக்கைத் திரும்பப் பிடித்தான். இரண்டு வருஷம் கழித்து வாக்கில் அவன் பெயரில் பென்னிகள் வருகின்றன. ஊர்ப் பெயர் அவற்றில் இல்லை, ஆனால் பெர்விக்கில்தான் அடித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அரசன் மறுபடி பக்கவாட்டில் திரும்பிவிட்டான், செங்கோல் வந்துவிட்டது, நட்சத்திரம் வந்துவிட்டது. பதினைந்து வருஷம் கழித்து, 1333 ஜூலை 19-ஆம் தேதி, ஊருக்குப் பக்கத்தில் ஹாலிடன் குன்றில் நடந்த சண்டையில் மூன்றாம் எட்வர்ட் வென்றான். அரசன் மறுபடி நேரே பார்த்தான். இந்த முறை சில காசுகளில் புதிதாக ஒன்று சேர்ந்தது: சிலுவையின் கோணத்தில் புள்ளிகளுக்குப் பதிலாக ஒரு கரடித் தலை. கரடி அந்த ஊரின் முத்திரை விலங்கு. ஆங்கிலேய ஆட்சிதான், ஆங்கிலேய அரசன்தான், ஆனாலும் ஊர் தன் சின்னத்தை ஒரு மூலையில் நுழைத்துவிட்டது. கரடிக் காசு ஒன்று நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. ஏலப் படங்களில் பார்த்திருக்கிறேன், அவ்வளவு சின்ன இடத்தில் மூக்கும் காதும் தெரிய வெட்டியிருக்கிறார்கள்.

மூன்று எட்வர்ட்களும் அடுத்தடுத்து ஆண்டவர்கள், காசில் முதலாம் இரண்டாம் என்று எண் கிடையாது, வருஷமும் கிடையாது. லண்டன் காசுகளில் இதைப் பிரிக்கக் கிரீடத்தின் வடிவம், தலைமுடி, ஒவ்வோர் எழுத்தின் வளைவு என்று பார்க்க வேண்டும். பெர்விக்கில் 1318 முதல் 1333 வரை ஸ்காட்லாந்தின் ஆட்சி இருந்ததால் நடுவே ஒரு வெட்டு விழுகிறது, அது ஒரு வசதி. 1931-இல் சி. ஈ. பிளண்ட் என்ற ஆங்கிலேய நாணய ஆய்வாளர் இந்தக் காசுகளை வரிசைப்படுத்தினார். இன்றும் விற்பனைப் பட்டியல்களில் அவர் போட்ட வகை எண்ணைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

இதெல்லாம் படித்தபோது ஒன்று என்னை நிறுத்தியது. முகம் இத்தனை தடவை திரும்பியதே, எடை? அது அசையவில்லை. நேராகப் பார்த்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலும் 1280-லிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் இரண்டு பக்கத்துப் பென்னியும் ஒரே மதிப்பில் எல்லையைத் தாண்டிப் போய் வந்தது. 1886-இல் அபர்தீன் நகரில், ஸ்காட்லாந்துக்குள் வெகு தூரத்தில், ஒரு தெருவில் தோண்டும்போது வெண்கலப் பானையில் 12,000-க்கும் மேற்பட்ட வெள்ளிப் பென்னிகள் கிடைத்தன. பெரும்பாலும் எல்லாமே எட்வர்ட் காசு. சண்டை போட்ட எதிரியின் முகத்தைத்தான் ஸ்காட்லாந்தில் பானை நிறையச் சேர்த்துப் புதைத்து வைத்திருந்தார்கள்! வெள்ளி நல்ல வெள்ளியாக இருந்தவரை யாருக்கும் அந்த முகம் உறுத்தவில்லை. 1367-இல் ஸ்காட்லாந்து தன் காசின் எடையைக் குறைத்ததும்தான் நிலைமை மாறியது. 1370-களில் இங்கிலாந்தில் ஸ்காட்லாந்தின் நான்கு பென்னிக்கு மூன்று பென்னி என்றார்கள், 1390-இல் பாதி என்றார்கள். ராஜாக்கள் அடித்துக்கொண்ட காலம் முழுக்கத் திறந்திருந்த எல்லையை, எடை குறைந்த உடனே வியாபாரிகள் மூடிவிட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் வெள்ளியைப் பார்க்கலாம். இங்கே கதை தலைகீழ்.

1736-இல் பிரெஞ்சுக் கவர்னர் துய்மா, ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து புதுச்சேரியில் ரூபாய் அடிக்கும் உரிமையை வாங்கினார். துய்மா வீதி என்று கடற்கரைப் பக்கம் ஒரு வீதி இருக்கிறதே, அவர்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தங்கசாலை இருப்பது சொன்னால்தான் தெரியும். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுத ஆரம்பித்ததும் அதே 1736-இல்தான். எதற்காக அந்த உரிமை? பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்கள் மெக்சிகோ வெள்ளியைக் கொண்டுவந்து இறக்கும், ஆனால் அந்த வெள்ளியை அப்படியே கொடுத்தால் இங்கே துணி நெய்கிறவரும் வாங்க மாட்டார், வங்காளத்தில் சரக்கு விற்கிறவரும் வாங்க மாட்டார். வேறொருவர் தங்கசாலையில் கொடுத்து ரூபாயாக மாற்றினால் கூலியும் வட்டமும் (காசு மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் கழிவு) போய்விடும். சொந்தத் தங்கசாலை இருந்தால் அந்த லாபம் கம்பெனிக்கே.

அப்படி அடித்த ரூபாயில் பிரான்ஸின் பதினைந்தாம் லூயி இருந்தாரா? இல்லை. பிரெஞ்சு அரசர்களின் சின்னமான அல்லிப் பூ இருந்ததா? அதுவும் இல்லை. டில்லி பாதுஷா முகம்மது ஷாவின் பெயர், பாரசீக எழுத்தில். அடித்த ஊர் என்ற இடத்தில் ஆற்காடு. புதுச்சேரி என்ற பெயரே கிடையாது. எங்கோ ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு பிறை, அதுதான் புதுச்சேரியின் அடையாளம். சென்னையில் ஆங்கிலேயர் அடித்த ஆற்காட்டு ரூபாயில் அதே மாதிரி தாமரை. ஒருவரையொருவர் அழிக்க நின்ற இரண்டு கம்பெனிகள், இரண்டும் ஒரே பாதுஷா பெயரில், ஒரே ஊர்ப் பெயரில் காசு அடித்தன. அப்புறம் டில்லியில் அகமது ஷா வந்தார், இரண்டாம் ஆலம்கீர் வந்தார், ஷா ஆலம் வந்தார், புதுச்சேரியில் அச்சில் பெயர் மாறியது. புதுச்சேரியே கை மாறி, இடிந்து, திரும்பக் கட்டப்பட்டபோதும் பிரெஞ்சுக்காரர்கள் வந்து அடித்தது அதே டில்லிப் பெயர் ரூபாய்தான். ஷா ஆலமின் அதிகாரம் டில்லியைத் தாண்டி அதிகம் செல்லாத காலத்திலும், வங்காள விரிகுடாவின் ஓரத்தில் ஒரு பிரெஞ்சுத் தங்கசாலை அவர் பெயரை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

பெர்விக்கில் வென்றவன் முதல் வேலையாக முகத்தை மாற்றினான், இங்கே வென்றவன் முகத்தைத் தொடவே இல்லை. ஏன் இப்படி என்று நிறைய யோசித்தேன், இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. எட்வர்டின் முகத்தை ஸ்காட்லாந்தின் சந்தை ஏற்கெனவே நம்பியது, அவன் ஊரைப் பிடிப்பதற்கு முன்பே அவன் காசு அங்கே புழங்கியது. அதனால் அவன் தன் முகத்தை வைத்ததில் வியாபாரத்துக்கு ஒரு சேதமும் இல்லை. பிரெஞ்சு அரசனின் முகத்தை நம் சந்தை அறியாது. ஆற்காடு, டில்லி என்ற இரண்டு பெயர்களைத்தான் நோட்டக்காரர் அறிவார். ரூபாயை எடுத்து, தட்டி ஓசை கேட்டு, எடை பார்த்து, எந்த ஆண்டு அடித்தது என்று பார்த்து, இவ்வளவு வட்டம் கழித்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவர் அவர். கவர்னர் பீரங்கி வைத்திருக்கலாம், ஆனால் ரூபாயின் மதிப்பு நோட்டக்காரர் விரல் நுனியில் இருந்தது. துய்மாவுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கிறது, தெரிந்ததால்தான் நவாபிடம் போய் நின்றார்.

இதில் என் மனசுக்கு நெருக்கமான பகுதி வெள்ளி இல்லை, செம்பு. அதே பிரெஞ்சுக்காரர்கள் செம்புக் காசு அடித்தபோது ஒரு பக்கம் தங்கள் அல்லிப் பூவை வைத்தார்கள், மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’ என்று எழுதினார்கள். காரைக்காலுக்குத் தனியாகத் தமிழில் ‘காரைக்கால்’ என்றும் உண்டு. வெள்ளி வங்காளம் வரை போக வேண்டியது, அதற்கு டில்லியின் பெயர் வேண்டும். செம்பு ஊரை விட்டுப் போகாது, கீரை வாங்க, மீன் வாங்க, கூலி கொடுக்க. அங்கே யார் ஆள்கிறார் என்று பூவைப் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம், எந்த ஊர் என்று தமிழில் எழுதினால்தான் வாங்குகிறவருக்குப் புரியும். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சோழர் காலத்து வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பழைய காசு வைத்திருக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் செம்பைக் கேட்டுப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். நம் ஊர்ப் பெயர் நம் எழுத்தில், கட்டைவிரல் நகம் அளவு உலோகத்தில் இருப்பதைப் பார்க்கும் சந்தோஷம் தனி.

பெர்விக்கிலும் சில்லறை உண்டு. முதலாம் எட்வர்ட் காலத்திலேயே அங்கே அரைப் பென்னியும் கால் பென்னியும் அடித்தார்கள். அதற்கு முன்னால் சில்லறை வேண்டும் என்றால் பென்னியையே கத்தரித்துக்கொள்வார்கள், சிலுவைக் கோடு நேராக இரண்டாகவோ நான்காகவோ. கால் பென்னி அரைக் கிராம்கூட வராது. சட்டைப் பையில் ஓட்டை இருந்தால் போச்சு. அதனால்தான் முழுப் பென்னியைவிடச் சில்லறை இன்று அரிதாகக் கிடைக்கிறது.

கடைசித் திருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 1461-இல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போரில் தோற்ற ஆறாம் ஹென்றியின் பக்கத்தவர்கள், ஸ்காட்லாந்தின் உதவி வேண்டி, பெர்விக்கைச் சண்டை இல்லாமலேயே கொடுத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் மூன்றாம் ஜேம்ஸ் அங்கே குரோட் என்ற பெரிய வெள்ளிக் காசு அடித்தான், பெர்விக் பெயரோடு. 1482-இல் குளௌஸ்டர் கோமகன் ரிச்சர்ட், அடுத்த வருஷமே மூன்றாம் ரிச்சர்டாக முடிசூடிக்கொண்டவன், ஊரை மீட்டான். அதற்குப் பிறகு பெர்விக் கை மாறவில்லை.

அடுத்து எனக்கு வேண்டியது பக்கவாட்டில் பார்க்கும் அலெக்சாந்தர் பென்னி ஒன்று, நட்சத்திரத்தோடு. எட்வர்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தராசில் போட்டுப் பார்க்க வேண்டும். அண்ணன் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

அதுவரைக்கும் ஊரில் தேடலாம். புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய வீடுகளில் ஆற்காட்டு ரூபாய் இன்னும் இருக்கிறது, பாட்டி காசுமாலைக்கு வைத்தது, சாமி உண்டியலில் போட எடுத்து வைத்தது என்று. தடிமனாக, 11 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும், என் பென்னி எட்டைச் சேர்த்த எடை. அச்சு பெரிதாகவும் வில்லை சின்னதாகவும் இருந்ததால் எழுத்து முழுதாக விழுந்திருக்காது, பாதிப் பாரசீகம்தான் தெரியும். தாமரை தெரிந்தால் சென்னை, பிறை தெரிந்தால் நம் ஊர். கிடைத்தால் தயவுசெய்து புளியோ விபூதியோ போட்டுத் துலக்கிவிடாதீர்கள், கறுப்பு அப்படியே இருக்கட்டும். முதலில் எடை போடுங்கள், இரண்டு பக்கமும் வெயிலில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள், ஆட்சியாண்டு எண் எங்காவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இருந்தால் எந்தப் பாதுஷாவின் எத்தனையாவது வருஷம் என்று கண்டுபிடிக்கலாம், அப்போது புதுச்சேரியில் யார் கவர்னர் என்பதும் தெரிந்துவிடும்.